வற்றிய குளத்தில் முதல் ஓட்டம்

என் இடப்பக்கம் நின்றவர் வவுனியாக்காரர். சிவப்பு மோட்டார் சைக்கிள். வலப்பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர்; தலைக்கவசத்தைக் கழற்றாமலே மிக்ஸ்சர் தின்னப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அப்பால் வரிசையாக இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஆண்கள். எல்லோருடைய வண்டியும் என்னுடையதைவிட உயரம்.

ஆவணி வெயில். குளம் வற்றி, நடுவில் மட்டும் ஒரு துண்டுத் தண்ணீர் பளபளத்தது. அதில் நின்ற கொக்குகள் இயந்திரச் சத்தத்துக்கு இரண்டு முறை எழும்பிப் பறந்து, மூன்றாம் முறை எழும்பவில்லை. காய்ந்த மண்ணில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதுதான் தொடக்கக் கோடு. குளக்கட்டு நெடுகக் குடைகள். சோளகக் காற்று தூசியை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது.

என் கைகள் வியர்த்திருந்தன. பந்தயக் கையுறை எங்கே விற்கும் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கைப்பிடியில் சுற்றியிருந்தேன். அந்த ரப்பர் வெயிலில் சூடாகி மணத்தது.

கொடிக்காரர் கொடியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து, பந்தயப் பாதைக்குத் தண்ணீர் தெளித்த பவுசர்த் தாங்கியை இழுத்துக்கொண்டு ஒரு உழவு இயந்திரம் எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கி எங்கள் வரிசையை நோக்கி நடந்தார்.

அவர் என் அண்ணா. ஒரு மாதத்துக்கு மேலாக என்னோடு ஒரு சொல்லும் பேசாதவர்.

அவர் வந்துசேர்வதற்குள் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

நடை வேகத்தில்

இந்தத் தொடரில் சென்ற வாரம் வந்த பகுதியைப் படித்துவிட்டு உருத்திரபுரத்திலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார்: "வன்னியில முதல் முதல் பந்தயம் ஓடின பொம்பிளை எண்டு உங்களைச் சொல்லுகினம். உங்களுக்கு இந்த வேக ஆசை எங்கையிருந்து வந்தது?"

பேட்டி எடுக்க வருகிறவர்களும் இதைத்தான் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். உண்மையான பதில் கொஞ்சம் விசித்திரமானது. நான் முதலில் ஓட்டிய வாகனம் மணிக்கணக்காக நடை வேகத்திலேயே போனது.

எங்கள் குடும்பம் தர்மபுரத்தில் வயல் செய்தது. அப்பாவின் அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர்கள். அப்பாவிடம் ஒரு பழைய உழவு இயந்திரம் இருந்தது. நெல் ஏற்ற, மணல் ஏற்ற, கோயில் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான். அதை ஓட்டுவது அண்ணாவின் வேலை. நான் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில் ஏறி நின்று, காற்றில் தலைமயிர் பறக்க, அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு போகிறவள்.

சண்டையின் கடைசி மாதங்களில் எல்லோரும் கிழக்கே நகர்ந்தோம். புறப்பட்ட சில நாட்களிலேயே அண்ணாவின் வலது கையில் காயம். அப்பாவுக்குக் கண் மங்கல். ஆகவே நான் ஏறி உட்கார்ந்தேன். யாரும் படிப்பித்துத் தரவில்லை; அண்ணா பக்கத்து மட்காட்டில் குந்தியிருந்து, "இப்ப கிளச்சை விடு. மெல்லமாய் விடு," என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

தெரு நிறையச் சனம். முன்னால் போகிறவர்களின் குதிக்காலுக்கும் என் முன் சில்லுக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி. முதலாம் கியரைத் தாண்டவே முடியாது. பின்னால் பெட்டியில் அம்மா, அப்பா, பாத்திரங்கள், தகரங்கள், அயல்வீட்டுக்காரர், அவர்களுடைய ஆடு. எப்போதாவது தெரு கொஞ்சம் வெளிக்கும். நான் இரண்டாவது கியரைப் போடுவேன். போட்டவுடன் மறுபடியும் சனம்.

அந்த நாட்களில் எனக்குப் பசியைவிடப் பெரிதாக இருந்தது ஒரே ஆசை. மூன்றாவது கியர். வெறும் தெரு. ஒரு தடவை, யாரும் முன்னால் இல்லாமல், வேகமாகப் போய்ப் பார்க்கவேண்டும்.

முள்ளிவாய்க்கால் கரையில் அந்த இயந்திரத்தை விட்டுவிட்டு நடந்தோம். அப்பா அங்கிருந்து வரவில்லை. அதைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். மறுபடி எழுத எனக்கு மனமில்லை.

ரெஜினாவின் மீன்பெட்டி

முகாமிலிருந்து திரும்பி வந்து, தறப்பாளுக்குக் கீழே இருந்த காலம் முடிந்து, தகரக் கொட்டில் கல்வீடாகிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பெண்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழக்குவது. வீட்டில் ஆண் துணை இல்லாத பெண்கள் நிறையப் பேர். ஆஸ்பத்திரிக்குப் போக, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, வியாபாரத்துக்குப் போக, யாரையும் எதிர்பார்க்க முடியாது. பழகியே ஆகவேண்டும்.

பள்ளிக்கூட மைதானத்தில் மாலையில் வகுப்பு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு, பிறேக் எங்கே என்று கத்திக்கொண்டு வருவார்கள். ஒரு மாதத்தில் அதே ஆட்கள் பின்னால் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள்.

ரெஜினா என்னிடம் பழக வந்தவள் இல்லை. அவளை நான் தெருவில் சந்தித்தேன். சந்தித்தேன் என்பதுகூடச் சரியில்லை. அவள் என்னை முந்திக்கொண்டு போனாள்.

புதுக்குடியிருப்பு வீதி அப்போது இன்னும் தார் போடாத கிரவல். நான் ஓரளவு வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்து, பக்கத்தால் போய், தூசிக்குள் மறைந்தது. மீன் மணம் மட்டும் மிஞ்சியது. நான் விரட்டினேன். பிடிக்க முடியவில்லை. தர்மபுரம் சந்தையில் போய்ப் பார்த்தால், பின் சீற்றில் கட்டிய றெஜிபோம் நுரைப் பெட்டியைத் திறந்து, பனிக்கட்டிக்குள்ளிருந்து பாரை மீனை எடுத்துப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்பிடிப் பறந்தனீர்?" என்று கேட்டேன்.

"ஐஸ் கரைஞ்சால் மீன் நாறிப்போம். மீன் நாறினால் ஆர் வாங்குறது?" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீரும் மோசமில்லை. கலைச்சுக்கொண்டு வந்தனீர், கண்ணாடியிலை பாத்தனான்," என்றாள்.

அவள் முல்லைத்தீவுக் கரையோரத்து வேதக்காரப் பிள்ளை, கத்தோலிக்கம். என் வயதுதான். புருஷன் இல்லை; மூன்று பிள்ளைகள். விடிய வள்ளம் கரைக்கு வந்ததும் மீனை எடுத்துக்கொண்டு உள்ளூர்களுக்கு வருவாள். ஒரு வாரத்துக்குள் நாங்கள் 'நீர்' என்பதை விட்டு 'நீ' என்று பேசத் தொடங்கிவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசைக்குப் போய்வந்த பிறகு, என்னைக் கொக்கிளாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். களப்பு வற்றிய கோடை. உப்புப் பூத்த தரை கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. மரமில்லை, மாடில்லை, மனிதரில்லை.

"இஞ்சை ஓடு," என்றாள். "ஒருத்தரும் குறுக்கை வராயினம்."

நான் முதலாம் கியரில் எடுத்தேன். இரண்டு. மூன்று. நாலு. கண்ணில் நீர் வந்து காதுப்பக்கம் ஓடியது. காற்றினால் வந்த நீர் என்றுதான் பிறகு அவளிடம் சொன்னேன். பக்கத்தில் ஓடிவந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்திக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் எங்களுக்கு அதுதான் வேலை. மணலில் சில்லுப் புதையாமல் உடம்பை எப்படிப் பின்னுக்கு வைப்பது, திரும்பும்போது எந்தக் காலை ஊன்றாமல் தொங்கவிடுவது, எல்லாம் விழுந்து விழுந்துதான் எங்களுக்குப் பிடிபட்டது. முழங்காலில் அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

சங்கீதக் கதிரை

அடுத்த வருடக் கோடையில் ஒரு ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவித்தார்கள். எங்கள் பக்கத்துக் குளத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டி. வன்னியில் அப்படி ஒன்று நடப்பது அதுதான் முதல் தடவை என்றார்கள். வடக்கின் எல்லாப் பக்கமிருந்தும் ஓட்டக்காரர் வருகிறார்களாம்.

நானும் ரெஜினாவும் பெயர் கொடுக்கப் போனோம். போட்டிக் குழுவின் தலைவர் ஒரு கராஜ் வைத்திருந்த இளைஞர். மரியாதையானவர். எங்களைக் கண்டதும் இரண்டு கதிரை இழுத்துப் போட்டார்.

"வாங்கோ அக்கா. பொம்பிளையளுக்கும் போட்டி வைச்சிருக்கிறம். சங்கீதக் கதிரை இருக்கு. கரண்டியிலை தேசிக்காய் வைச்சு ஓடுற ஓட்டம் இருக்கு."

"நான் மோட்டார் சைக்கிள் ஓட்டத்துக்குப் பேர் குடுக்க வந்தனான்," என்றேன்.

அவர் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்தாள்.

"தம்பி, ஆம்பிளையள் மட்டும் எண்டு இதிலை எங்கை போட்டிருக்கு?"

"போடேல்லைத்தான் அக்கா. ஆனால் ஒரு பொம்பிளையும் கேக்கேல்லையே."

"இப்ப கேக்கிறம்."

அவர் தலையைச் சொறிந்தார். விழுந்தால் குழுவுக்குப் பொறுப்பு என்றார். மற்ற ஓட்டக்காரர் என்ன சொல்வார்களோ என்றார். கடைசியில், வெளியே காணியில் ஒருக்கால் ஓடிக் காட்டச் சொன்னார். காட்டினேன். இரண்டு சுற்று முடிந்து வந்தபோது கராஜில் வேலை செய்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். அவர் என் வண்டியின் பின் டயரைக் குனிந்து பார்த்து, "இந்த டயரோடை குளத்துக்குள்ளை ஓடேலாது அக்கா, முள்ளு டயர் போடவேணும்," என்றார். அதுதான் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

திரும்பி வரும்போது ரெஜினாவிடம் கேட்டேன்: "நீ ஏன் பேர் குடுக்கேல்லை? என்னைவிட நீதானே கெட்டிக்காரி."

"நான் விழுந்து கை முறிஞ்சால் மூண்டு பேர் பட்டினி," என்றாள். "நீ ஓடு. நீ விழுந்தால் தூக்க நான் நிப்பன்."

முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அன்று வழியில் என்னை முந்தாமல், பின்னாலேயே வந்தாள்.

முற்றத்தில் ஒரு சண்டை

அண்ணாவுக்குச் செய்தி என்னைவிட வேகமாகப் போயிருந்தது. நான் வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் நின்றார்.

"கேள்விப்பட்டது உண்மையோ?"

"என்னத்தை?"

"குளத்துக்குள்ளை பெடியளோடை ஓடப்போறியாம்."

"ஓம்."

"ஆரைக் கேட்டனி?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை. உங்களிட்டைச் சொல்லத்தான் வாறன்."

அப்போது எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பகுதி கிளிநொச்சி டவுன். நல்ல ஆட்கள். பெண் பார்க்க வரும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. அண்ணா அதைத்தான் முதலில் எடுத்தார்.

"அவையளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"மோட்டார் சைக்கிள் ஓடுறவள் எண்டு சொல்லுங்கோ. அது அவையளுக்குத் தெரியும்தானே."

"வேலைக்கு ஓடுறது வேறை. ஊர் பாக்க ஓடுறது வேறை."

"விழாமல் ஓடினால் சரிதானே."

அந்தச் சொல்லை நான் விளையாட்டாகச் சொன்னேன். அண்ணாவின் முகம் மாறிப்போனது. காயம்பட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். கோபம் வந்தால் அப்படிச் செய்வார். பயம் வந்தாலும் அப்படித்தான்.

"எவ்வளவுக்குள்ளாலை உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான், சுகந்தி. அப்பாவை அங்கை விட்டிட்டு வந்தனான். மிச்சம் நீயும் அம்மாவும்தான். நீ குளத்து மண்ணிலை விழுந்து கழுத்தை முறிக்கவோ இவ்வளவும் செய்தனான்?"

சம்பந்தத்தைப் பற்றிய கதைக்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். இதற்கு இல்லை. குசினிக்குள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அது ஒரு கணமும் நிற்கவில்லை.

"நான் ஓடுவன், அண்ணா," என்று மட்டும் சொன்னேன்.

"ஓடு," என்றார். "என்னோடை கதைக்காதை."

அன்றிலிருந்து அவர் பேச்சை நிறுத்தினார். சாப்பாட்டுக்கு வருவார், போவார். எனக்குச் சொல்லவேண்டியதை அம்மாவிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன். அம்மா இரண்டு பக்கமும் ஒன்றும் சொல்லவில்லை. ஓடு என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அந்த மௌனத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவேயில்லை.

இதிலே ஒரு சிக்கல். அண்ணா புதிதாக வாங்கிய இயந்திரத்தில் ஒரு தண்ணீர்ப் பவுசரைப் பூட்டி, கோடையில் கிணறு வற்றிய ஊர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவந்தார். பந்தயப் பாதைக்குத் தூசி அடக்கத் தண்ணீர் தெளிக்க ஒருவர் தேவை என்று குழுக்காரர் முன்பே அவரைக் கேட்டு, அவரும் வாறன் என்று சொல்லியிருந்தார். நான் ஓடுகிறேன் என்று தெரிந்த பிறகு அவர் அந்த வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. சொன்ன சொல்லுக்கு வருகிற ஆள். ஆகவே, என்னோடு பேசமாட்டேன் என்றவர் அன்று முழுவதும் அந்தக் குளத்துக்குள்ளேயே நிற்கவேண்டி வந்தது.

"உனக்கும்தான்"

அன்று காலை பழக்க ஓட்டத்தின்போது அவர் என்னைக் கடந்து பலமுறை போனார். தண்ணீர் விசிறியடிக்க, நேரே முன்னால் பார்த்தபடி போவார். நானும் நேரே பார்ப்பேன். கயிற்றுக்கு அப்பால் நின்ற ரெஜினா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

பாதை பெரிய வட்டம். அதில் எல்லோருக்கும் தொல்லை கொடுத்தது துலுசுப் பக்க வளைவு, குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகுக்குக் கிட்ட. அங்கே தூசி அவ்வளவு மோசம். முன்னால் போகிறவரே தெரியவில்லை என்று ஓட்டக்காரர் முறைப்பட்டார்கள். அந்த வளைவை நன்றாக நனைக்கும்படி தலைவர் அண்ணாவிடம் சொன்னார். அண்ணா முதலில் மறுத்தார். உள்பக்கம் களி, நனைத்தால் வழுக்கும் என்றார். தலைவர் கெஞ்சினார். கண் தெரியாமல் ஓடுவதைவிட வழுக்கல் பரவாயில்லை என்று மற்றவர்களும் சொன்னார்கள். அண்ணா கடைசியில் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

விட்டுவிட்டுத்தான் தொடக்கக் கோட்டுக்கு வந்து, இயந்திரத்தை எங்கள் முன்னால் நிறுத்தி, இறங்கி நடந்து வந்தார்.

வரிசையின் நடுவில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"தம்பிமார், ஒரு விசயம். துலுசுப் பக்க வளைவிலை உள்ளுக்கு எடுக்காதேங்கோ. அது களி. இப்ப தண்ணி பட்டிட்டுது, சவர்க்காரம் மாதிரி வழுக்கும். வெளிப்பக்கம் மணல். கொஞ்சம் சுத்துக் கூடத்தான். ஆனால் சில்லு நிக்கும்."

கடைசியில் நின்ற ஒருவர், "சரி அண்ணை, நாங்கள் பாக்கிறம்," என்று சொல்லி, பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். அண்ணா அதைக் கவனித்ததாகக் காட்டவில்லை. இயந்திரத்துக்குத் திரும்பி நடந்தார். என்னைத் தாண்டி இரண்டு அடி போனபின் நின்றார். முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"உனக்கும்தான்."

ஏறிப் போய்விட்டார். தலைக்கவசத்துக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அந்தச் சொல்லை யோசிக்க நேரமில்லை. கொடி விழுந்தது.

என் தொடக்கம் மோசம். உயரமான வண்டிகள் ஒரே பாய்ச்சலில் போய்விட்டன. நான் பின்னால், தூசிக்குள். வாயெல்லாம் மண். முதற் சுற்றில் துலுசு வளைவுக்கு வந்தபோது எல்லோரும் கொஞ்சம் பயந்து வெளிப்பக்கத்தாலேயே எடுத்தார்கள். நானும் எடுத்தேன். மணல், கொக்கிளாய் மணல் மாதிரியே. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கைப்பிடியை இறுக்காமல் விட்டேன். சில்லு ஆடி ஆடிப் போனது, ஆனால் போனது. அந்த வளைவு முடிவதற்குள் இரண்டு பேரைக் கடந்திருந்தேன்.

இரண்டாவது சுற்றில் ஒருவர் பொறுமையிழந்து உள்ளுக்கு எடுத்தார். வண்டி ஒருதரம் நெளிந்து நிமிர்ந்தது. விழவில்லை. ஒரே வெட்டில் நாலு பேருக்கு முன்னால் போய்விட்டார். குளக்கட்டில் நின்ற சனம் ஆரவாரித்தது.

அதைப் பார்த்த எல்லோருக்கும் ஒரே யோசனை வந்திருக்கும். எனக்கும் வந்தது. அடுத்த சுற்றில் வளைவு வர வர, உள்பக்கம் எவ்வளவு குறுகலாக, எவ்வளவு கிட்டவாகத் தெரிந்தது என்று சொல்ல முடியாது. ஈர மண் கறுப்பாக மினுங்கியது. என் கை தானாக அந்தப் பக்கம் சாயப் பார்த்தது. நான் வெளிப்பக்கம் எடுத்தேன்.

முதலில் தப்பியவரும், தொடக்கத்தில் சிரித்தவரும் ஒன்றாக உள்ளுக்கு எடுத்தார்கள். இரண்டு வண்டிகளும் சத்தமில்லாமல் படுத்தன. அப்படித்தான் ஞாபகம். விழுந்த சத்தமே கேட்கவில்லை. ஒருவர் முதுகால் சறுக்கிக்கொண்டு நெடுந்தூரம் போனார். மற்றவர் வண்டிக்குக் கீழே கால் அகப்பட்டுக் கிடந்தார். நான் கடந்து போகும்போது ஆட்கள் ஓடிவந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் முதலில் ஓடிவந்தது அண்ணா.

ஒவ்வொரு சுற்றிலும் அந்த மணலில் ஒருவர் இருவராகக் கடந்து வந்து, கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். சிவப்பு வண்டிக்காரர் எட்டாத் தூரத்தில். மிக்ஸ்சர்காரர் கிட்டத்தில். அவரைத் துலுசு வளைவில் முந்தலாம், உள்ளுக்கு எடுத்தால். அவர் வெளிப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். வழி திறந்து கிடந்தது. என் முன் சில்லு ஒருதரம் உள்பக்கம் திரும்பப் பார்த்தது.

நான் அவருக்குப் பின்னாலேயே வெளிப்பக்கத்தால் போனேன். கோட்டைத் தாண்டும்போது என் முன் சில்லு அவருடைய பின் சில்லுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு பெரிய பெரிய மைதானங்களில், தெற்கில், மொழி தெரியாத ஊர்களில், சேற்றிலும் மழையிலும் ஓடியிருக்கிறேன். வென்றிருக்கிறேன். தோள் எலும்பை முறித்தும் இருக்கிறேன். அந்த வளைவை நான் எடுத்த விதத்தில்தான் எனக்கு இன்றும் திருப்தி.

"மூன்றாவது இடம், தர்மபுரத்தைச் சேர்ந்த வீரர்..." என்று ஒலிபெருக்கி தொடங்கி, நின்று, தொண்டையைக் கனைத்து, "வீராங்கனை," என்றது. குளக்கட்டில் ஒரு சலசலப்பு. பிறகு எங்கிருந்தோ பெண் குரல்கள். திரும்பிப் பார்த்தேன். என்னிடம் ஓடப் பழகிய பெண்கள் சந்தைப் பைகளோடு நின்றார்கள். வருவதாக ஒருத்தியும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

ரெஜினா மீன்பெட்டியிலிருந்து ஒரு பிடி பனிக்கட்டியை அள்ளிவந்து குலுங்கிக் குலுங்கி வீங்கியிருந்த என் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். "நாறும், பொறுத்துக்கொள்," என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

பவுசர் குழாயடியில்

முகம் கழுவப் பவுசரின் பின்பக்கக் குழாய்க்குப் போனேன். முன்பக்கத்தில் அண்ணாவும், எங்கள் சம்பந்தத்தைப் பேசிக்கொண்டிருந்த தரகரும் நின்றார்கள். நான் வந்தது அவர்களுக்குத் தெரியாது.

"குகன், மாப்பிளையின்ரை தாய் குளக்கட்டிலை நிண்டு பாத்தவா," என்றார் தரகர். "முகம் சரியில்லை. தங்கச்சி இனி ஓடமாட்டா எண்டு நீர் ஒரு சொல்லுச் சொல்லும். நான் கதைச்சுச் சரிக்கட்டுவன்."

குழாயைத் திறக்காமல் நின்றேன்.

"அப்பிடிச் சொல்லேலாது, அண்ணை."

"ஏன்?"

"அவள் ஓடுவாள்."

"நீர் சொன்னால் கேக்கமாட்டாவோ?"

அண்ணா சொன்னார்: "ஓடாதை எண்டு சொன்னன். கேக்கேல்லை. களியெண்டு சொன்னன். கேட்டாள். இனி எதைச் சொல்லவேணும் எண்டு எனக்குத் தெரியும், அண்ணை."

தரகர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. சில வருடங்கள் கழித்து வேறு ஒருவரைக் கட்டினேன். மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் பயமில்லாமல் உட்காரத் தெரிந்தவர். இதை நான் எழுதும்போது பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்.

நான் பவுசரின் முன்பக்கம் போனேன். அண்ணா என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மற்ற முழங்கையையும் பார்த்தார். காயம் இல்லை.

"கடைசிச் சுத்திலை உள்ளுக்கு எடுக்கப் பாத்தனியோ?"

"பாத்தனான்."

"கண்டனான்," என்றார். "ஏறு, வீட்டை போவம்" என்றவர், என் வண்டி அங்கே நிற்பது நினைவு வந்து, "சரி. நீ முன்னாலை போ," என்றார்.

அம்மா

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அம்மா குசினியில் புட்டு இறக்கிக்கொண்டிருந்தார். நான் குளித்து, தலைமயிரில் இருந்த மண்ணைப் போக்கி, வந்து உட்கார்ந்தேன். அண்ணாவும் கைகழுவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா இரண்டு பேருக்கும் சாப்பாட்டுக் கோப்பையை வைத்தார். மீன் குழம்பை ஊற்றினார்.

போட்டியைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அம்மா அவ்வளவு நாளும் ஒரு சொல்லும் சொல்லாதவர். அண்ணா குழம்பில் உப்புச் சரி என்றார். நான் ஓம் என்றேன்.

அம்மா ஒரு பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"காத்து இஞ்சாலைதான் அடிச்சது," என்றார். "ஒலிபெருக்கிச் சத்தம் முழுக்கக் கேட்டது."

நான் தலையை நிமிர்த்தினேன்.

"உனக்கு முன்னாலை வந்த ரெண்டு பேரும் ஆர்?"

"ஒராள் வவுனியா, அம்மா. மற்றவர் யாழ்ப்பாணம்."

"அவையள் வாற வருசமும் வருவினமோ?"

"வருவினம் எண்டுதான் நினைக்கிறன்."

அம்மா எழுந்து, இன்னொரு குழல் புட்டை என் கோப்பையில் தள்ளினார்.

"அப்ப வடிவாச் சாப்பிடு."